பேர் வெட்டிய டம்ளர்

பெரிய டாக்டரின் மட்டன் பிரியாணியை எடுத்துக் குப்பையில் போடும் தைரியம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. டாக்டர் அதை வைத்த இடம் அப்படி. கதிரியக்க மருந்து வைக்கும் ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"அந்த ரூமுக்குள்ள தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு சார். போர்டு உங்களுக்கும் சேத்துத்தான்" என்றார் மேடம். குரல் உயரவே இல்லை. குப்பையில் போடுவதற்கு முன்னால் அந்தப் பிரியாணிக்கும் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார் என்பதுதான் வேடிக்கை. டாக்டர் அன்றைக்கு பன்னும் டீயுமாக மதியத்தை ஓட்டினார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

மேடம் என்றால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. எல்லோருக்கும் ஆர்.எஸ்.ஓ. மேடம். மதுரையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அயோடின் வார்டில் நான் நர்ஸாக இருந்தபோது அவரோடு சில வருஷங்கள் வேலை பார்த்தேன். மும்பையிலிருந்து ஈயக் குடுவைக்குள் மருந்து வரும். எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், மிச்சம் எங்கே போனது என்று எல்லாவற்றுக்கும் மும்பையில் உட்கார்ந்திருக்கும் அரசாங்க அணுசக்தி அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "சோறு போடுறது நாம, சாமி கும்பிடுறது மும்பையை" என்று நிர்வாகத்தில் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அவர் காதுக்கும் அது போயிருக்கும். கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

தைராய்டில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனவர்கள்தான் எங்கள் வார்டுக்கு வருவார்கள். கதிரியக்க அயோடின், ஒரே ஒரு மாத்திரை. அதை விழுங்கியதும் அந்த மனிதரே எரிகிற அடுப்பு மாதிரி ஆகிவிடுவார், கிட்டே போனால் அனல் அடிக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது, தோலுக்கும் தெரியாது. எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். அதனால் தனி அறை, கனத்த கதவு, தனிக் கக்கூஸ். சாப்பாடு வாசலில் ஒரு ஸ்டூலில் வைக்கப்படும். பேப்பர் தட்டு, பேப்பர் கப். சாப்பிட்டதும் அவர்களே கசக்கி, அறைக்குள் இருக்கும் மூடி போட்ட தொட்டியில் போட வேண்டும். மீட்டரில் அளவு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு விடுவோம்.

"தள்ளி நில்லுங்க." இந்த ஒரு வார்த்தையை அவர் எத்தனை விதமாகச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நோயாளியின் பெண்டாட்டிக்கு ஒரு மாதிரி, மந்திரியின் சொந்தக்காரருக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி. தரையில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருந்தார். "பாசம் இந்தக் கோடு வரைக்கும். அதுக்கு அங்கிட்டு மீட்டர்தான்" என்பார். ஒரு தடவை ஒரு தாய் உள்ளே அழ, மூன்று வயது மகன் வெளியே அழ, மேடம் அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வராண்டாவின் அந்தக் கோடியில் நின்று கையாட்ட வைத்தார். பிள்ளை ஓயும்வரை அந்த இடத்தை விட்டு ஓரடி முன்னால் வரவில்லை. கை வலித்திருக்கும். இவர் கல்லா, மனுஷியா என்று அன்றைக்கு எனக்குக் குழப்பமாக இருந்தது.

வார்டுக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் எங்களோடு வந்தாலும் கூட்டத்தில் சேராமல் ஓரமாகத்தான் நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரத் தனி மேஜை. அங்கே உட்கார்ந்து பெரிய பாட்டிலில் வாயை வைத்து மடக் மடக்கென்று குடிப்பார். எங்கள் அம்மா பார்த்தால் 'எச்சி பண்ணிக் குடிக்குது பாரு' என்று முகத்தைச் சுளித்திருக்கும். டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்த என் கல்யாணத்துக்கு வந்தார். போட்டோவில் கடைசி ஆளாக, பக்கத்து ஆளுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நிற்கிறார். பந்திக்குக் கூப்பிட்டால், "டூட்டி இருக்கு சிஸ்டர்" என்று கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன டூட்டி என்று நான் யோசிக்கவில்லை. தொழில் புத்தி உடம்போடு ஒட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெரியவர் நோயாளியாக வந்த பிறகுதான் வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தேன்.

பெரியவருக்கு எங்கள் பக்கத்து ஊர். நஞ்சை புஞ்சை, தோட்டம், டிராக்டர் என்று வசதியான குடும்பம். என் ஊரைச் சொன்னதும் அவர் மகன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். முதல் நாளே பேப்பர் கப்பில் தகராறு.

"எங்கப்பாவுக்குக் காகிதத்துலயா தண்ணி? ஊருக்கே சோறு போட்ட மனுசன் அவரு."

"அவர் எச்சில்ல மருந்து இருக்குங்க. பாத்திரம் உள்ள போனா வெளிய வரக் கூடாது" என்றார் மேடம்.

"நாங்க தொடக் கூடாது, கிட்ட வரக் கூடாது, தட்டு தனி, டம்ளர் தனி. நல்லா இருக்கும்மா உங்க சட்டம்."

மேடம் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மகன் விடவில்லை. மறுநாள் காலையில் கஞ்சியோடு ஒரு எவர்சில்வர் டம்ளரையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டார். பெரியவரின் கல்யாணச் சீரில் வந்த டம்ளர், விளிம்புக்குக் கீழே அவர் பேர் வெட்டியது. நாற்பது வருஷமாக அதில்தான் குடிக்கிறாராம். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் டம்ளரில் வாய் வைக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். பெரியவருக்கு ஆபரேஷன் ஆன கழுத்து பின்னால் சாயவில்லை. அதனால் வாய் வைத்துச் சப்பிச் சப்பிக் குடித்திருக்கிறார். குடித்து முடித்துக் காலி டம்ளரைத் திரும்ப ஸ்டூலில் வைக்க, மகன் கமுக்கமாக எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கழுவி, மறுநாளும் கொண்டுவரலாம் என்று.

மத்தியானம் பெரியவர் அறையின் கேமரா திரையைப் பார்த்த மேடம், "காலைல இவர் கைல பளபளன்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?" என்றார். மைக்கில் கேட்டதும் பெரியவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவரே கேட்டார்: "வீட்டுல பேரப்பிள்ள இருக்கு தாயி. அதுக்குப் பாலை அதுல ஊத்தித்தான் ஆத்துவாக. ஒண்ணும் ஆயிராதே?"

மேடத்தின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். சின்னக் குழந்தையின் தைராய்டு துளி அயோடினையும் உறிஞ்சிக்கொள்ளும். பெரியவருக்கு மருந்தாக இருப்பதே அந்தப் பிள்ளைக்கு விஷம். மகனுக்குப் போன் போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "நீங்க அந்தப் பக்கத்துப் பிள்ளதானே, வாங்க" என்று என்னையும் மீட்டர் பெட்டியையும் ஆஸ்பத்திரி காரில் ஏற்றினார். திருமங்கலம் தாண்டும்வரை மீட்டரை ஆன் செய்து ஆஃப் செய்து பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் இறங்கியதுமே, "அந்த டம்ளர் எங்கங்க? குழந்தை எங்க?" என்றார்.

பெரியவரின் சம்சாரம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அட, நம்ம புள்ள! வா ஆத்தா, வெயில்ல வந்திருக்க. மொதல்ல தண்ணியக் குடி, என்ன அவசரம்? புள்ள உள்ள தூங்குது." மேடத்தைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?"

"மேலூர்ப் பக்கம்."

"மேலூர்ல எங்கன?"

மேடம் ஊர்ப் பேரைச் சொன்னார். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைக் கேட்க விடாமல் அவரே, "ஊருக்குக் கிழக்க, காலனி" என்றார். "டம்ளர் எங்கங்க?"

யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு எவர்சில்வர் செம்பில் தண்ணீர் வந்தது. மேடத்துக்குப் பேப்பர் கப்பில் வந்தது. போன மாதம் பேரனுக்குக் காது குத்தியபோது வாங்கியது மிச்சம் இருந்திருக்கும். என் கையில் செம்பு கனத்தது. மேடம் அந்தக் கப்பை வாங்கி, முழுசாகக் குடித்து, கசக்கி, நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போலவே தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டம்ளர் அடுப்படில இருக்கு. நீ போய் எடுத்துட்டு வா ஆத்தா" என்றார் அந்தம்மா, என்னைப் பார்த்து. "அவுக இங்கனயே இருக்கட்டும்."

"சிஸ்டர் எடுக்க முடியாது. கழுவின இடத்தையும் நான்தான் அளக்கணும்" என்றார் மேடம்.

"அடுப்படிக்குள்ளயா?"

மேடம் பெட்டியைத் திறந்து மஞ்சள் டேப்பை எடுத்தார். "எல்லாரும் வீட்டை விட்டு வெளிய வாங்க. ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது. தெருவுக்கு அந்தப் பக்கம் போய்த் தள்ளி நில்லுங்க."

நான் அதுவரை கேட்டிராத விதமாக அந்த வார்த்தை இருந்தது. அந்தம்மா, மருமகள், தோளில் தூக்கக் கலக்கத்தோடு கைக்குழந்தை, தோட்டத்திலிருந்து ஓடிவந்த மகன், கொழுந்தனார் குடும்பம் என்று ஒரு வீடே தெருவில் போய் நின்றது. ஊர் கூடிவிட்டது. மேடம் வாசல்படிக்குக் குறுக்கே டேப்பை ஒட்டினார். முதலில் குழந்தையின் கழுத்தருகே மீட்டரைப் பிடித்தார். மீட்டர் சும்மா இருந்தது. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குள், நடுக்கூடம் வழியாக அடுப்படிக்குள், ஒற்றை ஆளாகப் போனார்.

உள்ளேயிருந்து மீட்டர் கடகடவென்று அடிப்பது தெருவரைக்கும் கேட்டது.

டம்ளர் நிறையப் பால் இருந்தது. பக்கத்தில் குழந்தைக்குப் புகட்டும் பாலாடை. மருமகள் தெருவில் நின்றபடியே சொன்னாள்: "எந்திரிச்சதும் குடுக்கலாம்னு இப்பத்தான் ஆத்தி வெச்சேன்." சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எந்த ஊர், எங்கன என்று நாங்கள் வாசலில் நின்ற நேரத்தில் குழந்தை விழித்திருந்தால்?

டம்ளரும் பாலும் பாத்திரம் தேய்த்த நாரும் பைகளில் கட்டி ஈயப் பெட்டிக்குள் போயின. பாத்திரம் விளக்கும் அங்கணத்தைக் கழுவிக் கழுவி அளந்து, மீட்டர் அடங்கிய பிறகுதான் மேடம் வெளியே வந்து டேப்பைக் கிழித்தார். "இப்ப நீங்க உள்ள போலாம்" என்றார். சொந்த வீட்டுக்குள் போக அனுமதி கிடைத்தவர்களாக அவர்கள் போனார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

காரில் வரும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், அம்புட்டுப் பேரையும் தெருவுக்கு அனுப்பணுமா? ஒரு டம்ளருக்கு?"

"வேண்டியதில்ல. குழந்தையும் அம்மாவும் வெளிய வந்தாப் போதும்."

"அப்புறம் ஏன்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டே வாரேன் சிஸ்டர்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் பெரியவர் மைக்கில் கூப்பிட்டார். கேமரா திரையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் பேப்பர் கப்.

"புள்ள நல்லாருக்கா தாயி?"

"நல்லா இருக்கான் ஐயா. அவன் குடிக்கறதுக்குள்ள எடுத்துட்டோம்."

அவர் கும்பிட்டார். அப்புறம், "வெயில்ல போயிருக்க. தண்ணி கிண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

பெரியவர் தன் வீடு எப்படி என்று தெரியாதவரா? "எதுல குடுத்தாக?" என்றார்.

மேடம் மைக் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார். "நீங்க இப்ப கைல வெச்சிருக்கீங்கள்ல ஐயா, அதுலதான்."

பெரியவர் கப்பைக் குனிந்து பார்த்தார். மேடம் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

நடந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது. குழந்தைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்றது. மேடம் மும்பைக்கு எழுதினார். கதவருகே ஆள் இல்லாதது, டம்ளர் வெளியே போனது எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் அந்த வீட்டாரில் தேவைக்கு மேல் ஆட்களைத் தான் வெளியேற்றியதையும் எழுதினார். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விளக்கம் கேட்டு வார்டைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். மாத்திரைக்குக் காத்திருந்த நோயாளிகளை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது எனக்கு மேடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் செய்தது சரி என்றும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அயோடினுக்கு ஒரு குணம் உண்டு. எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. மூன்று மாசம் போல ஈயப் பெட்டிக்குள் கிடந்த டம்ளரை ஒருநாள் மேடம் எடுத்து அளந்தார். மீட்டர் சும்மா இருந்தது. "கிளியர் ஆன பொருளை இங்க வெச்சிருக்கக் கூடாது. வீட்டுக்காரங்களை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசினேன்.

"வேணாம் தங்கச்சி. வீட்ல பொம்பளைக வேணாங்கிறாக."

"ஒரு பயமும் இல்லண்ணே. மீட்டர் வெச்சுப் பாத்தாச்சு."

"பயமெல்லாம் இல்ல. அதை யார் வந்து எடுத்தா, எப்படி எடுத்தான்னு... உனக்குத் தெரியாததா?"

நான் அவசரமாகப் போனை அணைத்தேன். மேடம் டம்ளரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, "வராண்டாவுல குடிதண்ணி டிரம் இருக்குல்ல, அதுல டம்ளர் அடிக்கடி காணாமப் போகுது. இதைச் சங்கிலி போட்டுக் கட்டிருங்க" என்றார். அன்றிலிருந்து வார்டுக்கு வந்த அத்தனை ஜனமும் பெரியவர் பேர் வெட்டிய டம்ளரில் தண்ணீர் குடித்தது. இது சிக்கனமா, வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மேடம் அந்த வேலையை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரியவர் மறு பரிசோதனைக்கு வந்தார். மகன் டிரம்மைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், காது மடல் சிவக்க வெளியே போய்விட்டார். தண்ணீர் பாட்டில் வாங்கி வரப் போவதாகச் சொன்னார். பெரியவர் சங்கிலியைப் பிடித்து டம்ளரை எடுத்தார். தன் பேரை விரலால் தடவினார். கழுத்துத் தழும்பு ஆறியிருந்தது, தலை நன்றாகவே சாய்ந்தது. ஆனாலும் தண்ணீர் பிடித்து வாய் வைத்தே குடித்தார். வேண்டுமென்றேதான் அப்படிக் குடித்தார், எல்லோரும் பார்க்க.

பிறகு டம்ளரைக் கழுவி, மறுபடி நிரப்பி, வராண்டாவில் நின்ற மேடத்தைப் பார்த்து நீட்டினார். "குடி தாயி."

சங்கிலி அவ்வளவு தூரம் எட்டாது. மேடம்தான் வர வேண்டும். வந்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டி, பெரியவருக்கு ஓரடி பக்கத்தில் வந்து நின்று டம்ளரை வாங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எல்லாம் தீர்ந்தது என்றே நினைத்துவிட்டேன்.

பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கும் மேடம் டம்ளரை முகத்துக்கு மேலே உயர்த்தினார். தலையை அண்ணாந்து, விளிம்பு உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுவதையும் குடித்தார். பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஸ்கேனுக்கு நேரமாச்சு ஐயா" என்று டம்ளரை மாட்டினார். "இன்னைக்கு உங்களுக்கு மருந்து எதுவும் குடுக்கல. பக்கத்துலயே வரலாம்."

பெரியவர் தலையாட்டினார். ஆனால் அவர் பின்னால் போகும்போது, தானாகவே கொஞ்சம் தள்ளித்தான் நடந்தார்.